கண் தந்த அம்மையார்

கண்ணுக்குத் தெரியாததை நம்பு, கேள்வி கேட்காதே, கேட்டால் பாவம் என்கிறது ஒரு கூட்டம். தெரியவில்லையா, தெரிய வைக்கிறேன், பார்த்துவிட்டுப் பிறகு நம்பு என்கிறது விஞ்ஞானம். அணுவின் நடுவே கரு இருக்கிறது, அந்தக் கரு உடையும், உடைந்தால் உள்ளிருக்கும் துகள்கள் திசைக்கொன்றாய்ச் சிதறும் என்பதை மனிதன் தவம் கிடந்து அறியவில்லை. வரம் வாங்கி அறியவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய மெல்லிய பசையில் பார்த்து அறிந்தான்! அந்தப் பசையைப் பேச வைத்தவர் ஒரு பெண்மணி. வியன்னா நகரத்து மரியேட்டா பிளாவ் அம்மையார்.

துகளைக் காட்டும் கருவிகள் வேறும் உண்டு. வில்சன் செய்த மேக அறை உண்டு. கைகர் செய்த எண்ணும் குழல் உண்டு. அவற்றுக்கு ஆளும் வேண்டும், அமைப்பும் வேண்டும். அம்மையாரின் தகடோ மின்சாரம் கேட்காது, காந்தம் கேட்காது, காவல் கேட்காது. கறுப்புத் தாளில் சுற்றி மலையுச்சியில் வைத்துவிட்டு வந்தால், மாதக்கணக்கில் தானே விழித்திருக்கும். ஏழை ஆய்வுக்கூடத்தின் கருவி அது. அதைச் செய்தவருக்கும் சம்பளம் கிடையாது என்பதுதான் இந்தக் கதை.

1894 ஏப்ரல் 29-ல் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். தந்தை சட்டம் படித்தவர், இசைநூல் வெளியிட்டவர். வியன்னாப் பல்கலைக் கழகத்தின் தத்துவப் பிரிவு, விஞ்ஞானமும் அதற்குள்தான் அடக்கம், 1897-ல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியே 1914-ல் நுழைந்தார் அம்மையார். பௌதிகமும் கணிதமும் படித்தார். உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919-ல், டாக்டர் பட்டம் பெற்றார். பெர்லினில் எக்ஸ்ரே குழாய் செய்யும் தொழிற்சாலையில் சில காலம், பிராங்க்பர்ட்டில் டாக்டர்களுக்குக் கதிரியக்கம் கற்பிக்கும் பணியில் சில காலம். 1923-ல் தாய்க்கு உடல்நலம் கெட்டது. வேலையை விட்டுவிட்டு வியன்னா திரும்பினார்.

அங்கே ரேடியம் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. ஸ்டெபான் மேயர் அதன் தலைவர், நல்ல மனிதர். பெண்கள் பலர் அங்கே ஆராய்ச்சி செய்தனர். கதவு திறந்திருந்தது, மேசை கிடைத்தது, கருவி கிடைத்தது. கூலி மட்டும் கிடைக்கவில்லை! 1923 முதல் 1938 வரை பதினைந்து ஆண்டுகள். குடும்பத்தார் தந்த உதவியில் உண்டு, உடுத்து, உலகம் வியக்கும் ஆராய்ச்சியைச் செய்தார். ஒரு முறை பதவி கேட்டபோது, பெண் என்பது ஒரு குறை, யூதர் என்பது மற்றொரு குறை, இரண்டும் சேர்ந்தால் ஆகாது என்ற பொருளில் பதில் வந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தாய், எப்படிப் பிறந்தாய் என்று கேட்டார்கள். அந்தத் தராசு நாம் அறியாததல்ல, தோழர்களே!

அவர் செய்த வேலைதான் என்ன? புகைப்படத் தகட்டை நாம் அறிவோம். ஜெலட்டின் பசையில் வெள்ளி புரோமைடு மணிகள் கலந்திருக்கும். வெளிச்சம் பட்ட மணி, தகட்டைக் கழுவும்போது கறுக்கும். வெளிச்சம் மட்டுமா? மின்னேற்றம் உள்ள துகள் ஒன்று பசைக்குள் ஊடுருவிப் போனாலும், அது தொட்ட மணிகள் கறுக்கும். கழுவிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், துகள் நடந்த பாதை கறுப்பு மணிகளின் வரிசையாகத் தெரியும். ஆல்பா துகள் கனமானது. அதன் தடத்தை மற்றவர்கள் முன்பே கண்டிருந்தனர். புரோட்டான் அப்படியல்ல. எடை குறைவு, வேகம் மிகுதி, மணிகளை மெல்லத் தொட்டுவிட்டு ஓடிவிடும். அதன் தடம் தகட்டில் பதியுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

பதியும் என்று காட்டினார் அம்மையார். பாரபின் மெழுகில் ஹைட்ரஜன் நிறைய உண்டு. அதன் மேல் ஆல்பா துகள்களை ஏவினால், ஹைட்ரஜனின் கருவாகிய புரோட்டான் தெறித்து வெளிவரும். தெறித்து வரும் வழியில் தகட்டை வைத்தார். 1925-ல் புரோட்டானின் தடத்தைப் பிடித்துவிட்டார். ஆனால் பிடித்தது போதுமா? மங்கலாகத் தெரிவது தடமா, தகட்டின் அழுக்கா? காமாக் கதிர் பட்டுத் தகடு முழுதும் மூட்டம் போட்டால், மூட்டத்தில் தடத்தை எப்படித் தேடுவது? இங்கேதான் பத்தாண்டுக் காலப் பொறுமை தொடங்குகிறது. கம்பெனிக்குக் கம்பெனி தகடு வேறு, மணியின் அளவு வேறு, பசையின் கனம் வேறு. ஒவ்வொன்றையும் சோதித்தார். பினகிரிப்டால் மஞ்சள் என்ற சாயத்தில் தகட்டை முன்னதாக நனைத்தால் புரோட்டானின் தடம் தெளிவாகிறது என்று கண்டார். அந்த வேலையில் துணை நின்றவர் அவரிடம் மாணவியாக வந்த ஹெர்த்தா வாம்பாக்கர். இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கம்பெனியுடன் தொடர்பு கொண்டு, பசை தடித்த தகடுகளைச் செய்ய வைத்தார்கள். பசை தடித்தால் துகள் அதற்குள்ளேயே ஓடி, அதற்குள்ளேயே நிற்கும். தடத்தின் நீளத்தை அளந்தால் ஆற்றல் தெரியும். மணிகளின் நெருக்கத்தை எண்ணினால் ஓடியது எந்தத் துகள் என்று தெரியும். தகடு சாட்சியாயிற்று!

1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. தகட்டில் தடம் விடாது. ஆனால் அது புரோட்டானை மோதித் தள்ளினால் புரோட்டான் தடம் விடுமே! அந்தத் தடத்தை அளந்து, வராத சாட்சியின் வேகத்தை வந்த சாட்சியிடம் கேட்டுப் பெற்றார்கள் அந்த இரு பெண்கள்.

1937-ல் இன்ஸ்புருக் நகருக்கு மேலே, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், ஹாபெலேகார் மலையில் தகடுகளை வைத்தார்கள். விண்கதிர்களைக் கண்டறிந்த விக்டர் ஹெஸ் அமைத்த ஆய்வு நிலையம் அங்கே இருந்தது. மாதங்கள் கழித்து எடுத்துக் கழுவினார்கள். நீண்ட தடங்கள் தெரிந்தன. அவற்றோடு, எவரும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் நாலா பக்கமும் விரிந்து நின்றன, நட்சத்திரம் போல! விண்ணிலிருந்து வந்த துகள், பசையிலிருந்த வெள்ளியின் அல்லது புரோமினின் கருவை மோதி நொறுக்கியிருக்கிறது. நொறுங்கிய கரு சிதறிய காட்சி அது. வானத்து நட்சத்திரத்தைப் பார்த்து ஜாதகம் கணிப்பவர் உண்டு. அம்மையார் கண்ட நட்சத்திரம் அணுக்கருவின் ஜாதகத்தையே சொல்லிற்று. அதே ஆண்டு ஆஸ்திரிய விஞ்ஞானக் கழகத்தின் லீபன் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு வந்தது இடி. 1938 மார்ச்சில் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த நாள்களிலேயே அம்மையார் வியன்னாவை விட்டு நார்வேக்குப் போனார்; ஆஸ்லோவில் எல்லன் கிளெடிட்ச் என்ற பெண் விஞ்ஞானி இடம் கொடுத்தார். வாம்பாக்கருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் 1934 முதலே நாஜிக் கட்சிக்காரர். வியன்னாவில் ஆராய்ச்சி தொடர்ந்தது; தொடங்கியவரின் பெயர் பின்னே தள்ளப்பட்டது. ஐன்ஸ்டீன் பரிந்துரைத்து மெக்சிகோ தலைநகரில் ஆசிரியப் பணி வாங்கிக் கொடுத்தார். அங்கே போகும் வழியில், விமானக்கப்பல் ஹாம்பர்க்கில் இறங்கியபோது, அம்மையாரின் ஆராய்ச்சிக் குறிப்புகளை நாஜி அதிகாரிகள் பறித்துக் கொண்டார்கள். பதினைந்து ஆண்டு கூலி கொடுக்காதவர்கள், பதினைந்து ஆண்டு உழைப்பையும் எடுத்துக் கொண்டார்கள்!

மெக்சிகோவில் பாடம் நடத்த வாய்ப்பிருந்தது, ஆராய்ச்சிக்கு வசதியில்லை. ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. 1944-ல் நியூயார்க் வந்து கம்பெனி வேலையில் சேர்ந்தார். அங்கும் கை சும்மா இருக்கவில்லை. துகள் பட்டு எழும் மெல்லிய ஒளிப்பொறியைப் பன்மடங்கு பெருக்கி மின்சாரமாக்கும் குழாயைக் கொண்டு கதிரியக்கத்தை அளக்கும் முறை பற்றி 1945-ல் கட்டுரை வெளியிட்டார். அந்தத் துறையின் தொடக்ககால ஆய்வுகளில் அதுவும் ஒன்று. பிறகு கொலம்பியாப் பல்கலைக் கழகம், 1950 முதல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம். நுண்ணோக்கியில் கண் வலிக்கத் தடம் அளக்கும் வேலையைப் பாதி இயந்திரத்திடம் ஒப்படைக்கும் கருவி ஒன்றையும் 1950-ல் சகாக்களுடன் சேர்ந்து அமைத்துக் காட்டினார்.

அதே 1950-ல் நோபல் பரிசு வந்தது. யாருக்கு? அணுக்கரு ஆராய்ச்சிக்கான புகைப்பட முறைக்காகவும் அதைக் கொண்டு மெசான் பற்றிக் கண்டவற்றுக்காகவும், பிரிஸ்டல் நகரத்து சிசில் பவலுக்கு! பவலைக் குறை சொல்ல மாட்டேன். தகட்டை மேலும் கூர்மையாக்கி 1947-ல் பையானைக் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர், உழைப்பாளி. ஆனால் வியன்னாப் பெண்களின் தகடுகளைப் பற்றி ஹைட்லர் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்ன பிறகல்லவா பவலின் குழு அந்த வழியில் இறங்கிற்று! ஷ்ரோடிங்கர் அம்மையாரையும் வாம்பாக்கரையும் அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்திருந்தார். பரிந்துரை காகிதத்தோடு நின்றது. கல்கத்தாவில் விபா சௌதுரி என்ற பெண்மணியும் டி. எம். போஸும், இதே தகட்டு முறையில் இமயமலைப் பகுதியில் மெசானின் தடத்தை அதற்கு முன்பே தேடிப் பிடித்திருந்தார்கள். போர்க் காலத்தில் நல்ல தகடு கிடைக்கவில்லை. அவர்கள் பெயரும் பரிசுப் பட்டியலில் ஏறவில்லை.

1955-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் எதிர்ப்புரோட்டானை உண்டாக்கினார்கள். புரோட்டானின் எதிரி அது; இரண்டும் சந்தித்தால் இரண்டும் அழியும், அழிந்து ஆற்றலாகும். உண்மையிலேயே அழிகிறதா? காட்டு! மின்கருவி சொன்னதை உறுதிப்படுத்த, எதிர்ப்புரோட்டான் வரும் வழியில் தடித்த பசைத் தகடுகளை வைத்தார்கள். ரோமிலும் பெர்க்லியிலும் தகடுகளைத் தேடினார்கள். எதிர்ப்புரோட்டான் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, ஒரு கருவைச் சேர்ந்து, வெடித்த இடத்தில் இருந்தது என்ன? நட்சத்திரம்! ஹாபெலேகாரில் கண்ட அதே வடிவம். ஒரு நட்சத்திரத்தின் தடங்களைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு புரோட்டானின் முழு நிறைக்குரிய ஆற்றலுக்கும் அதிகமாக வெளிப்பட்டிருந்தது. வந்த துகள் ஒன்றின் நிறை மட்டும் கரைந்து அவ்வளவு ஆற்றல் வர முடியாது. எதிர்கொண்ட துகளும் சேர்ந்தே அழிந்திருக்க வேண்டும். பெர்க்லிக் கண்டுபிடிப்புக்கு 1959-ல் நோபல் பரிசு, செக்ரேக்கும் சேம்பர்லேனுக்கும்.

அப்போது அம்மையார் புளோரிடாவில், மயாமிப் பல்கலைக் கழகத்தில் இருந்தார். கண்ணில் புரை. விஞ்ஞானத்துக்குக் கண் தந்தவரின் கண் மங்கிற்று. அமெரிக்காவில் அறுவைக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. 1960-ல் வியன்னா திரும்பினார். அதே ரேடியம் கழகம், அதே சம்பளமில்லாத மேசை! 1964 வரை அங்கே உட்கார்ந்து, ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தகடுகளை ஆராயும் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். 1962-ல் ஷ்ரோடிங்கர் பெயரிலான பரிசை விஞ்ஞானக் கழகம் தந்தது. உறுப்பினர் பதவி தரவில்லை. 1970 ஜனவரி 27-ல் புற்றுநோய்க்குப் பலியானார். எந்த விஞ்ஞான ஏடும் இரங்கல் எழுதவில்லை.

தகடு சாகவில்லை. செர்னில் எதிர்ப்புரோட்டானின் வேகத்தைக் குறைத்து, எதிர்ஹைட்ரஜன் செய்து, அது பூமியின் ஈர்ப்பில் எப்படி விழுகிறது என்று அளக்க முனையும் ஈஜிஸ் என்ற குழு, மெதுவான எதிர்ப்புரோட்டான்கள் அழியும் இடத்தைக் குறிக்கப் பசைத் தகட்டையே சோதித்தது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டிற்று. அந்தச் சோதனையின் முடிவு 2014-ல் வெளியாயிற்று. எதிர்ஹைட்ரஜனும் கீழ்நோக்கியே விழுகிறது என்று 2023-ல் முதலில் காட்டிய ஆல்பா குழு பயன்படுத்தியது வேறு வகைக் கருவி. ஆஸ்திரியாவோ, ஆராய்ச்சி மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்க மாதந்தோறும் பணம் தரும் உதவித்தொகை ஒன்றை நிறுவி, அதற்கு மரியேட்டா பிளாவ் என்று பெயர் வைத்தது.