ஸ்ரீ செல்வநாயகமும் தோட்டத் தொழிலாளரும்

தேசாபிமானம் தன் நாட்டைப் போற்றுவதோடு நிற்கும் வரையில் அதில் குற்றமொன்றும் இல்லை. அண்டை நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழையைக் கண்டதும் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை நாம் அளக்க வேண்டும். இவ்வுண்மையை விளங்க வைக்கிறது ஸ்ரீ சா. ஜே. வே. செல்வநாயகத்தின் சரித்திரம். இலங்கைத் தமிழ் மக்கள் தந்தை செல்வா என்று அழைத்த அப்பெரியார் 1977-ஆம் வருஷம் காலஞ்சென்றார். தேச ஊழியத்தில் ஈடுபட்டோர் யாவரும் அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியையேனும் அறிந்திருத்தல் நலம்.

அவர் 1898-ஆம் வருஷம் மார்ச் மாதம் 31-ந் தேதி மலாய் நாட்டு ஈப்போவில் பிறந்தார். பிழைப்பை நாடிக் கடல் கடந்த குடும்பத்தின் பிள்ளை அவர். இளம் பிராயத்திலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கும் கொழும்பிலும் கல்வி பயின்று, ஸயன்ஸ் பட்டம் பெற்று, உபாத்தியாயராயிருந்து, பின்னர் சட்டம் கற்றுப் பெயர் பெற்ற வக்கீலானார். 1947-ஆம் வருஷப் பொதுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 49.

அக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் நம் ஜில்லாக்களிலிருந்து சென்ற மக்களும் அவர்கள் சந்ததியாரும் லட்சக்கணக்கில் உழைத்து வந்தனர். திருச்சி, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டு, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாக மலையேறி, வழியில் நோயால் மடிந்தவர் போக எஞ்சியவர்களே காப்பியையும் பின்னர்த் தேயிலையையும் பயிராக்கினர். கண்டிச் சீமைக் குடியானவர்களின் மனக்குறையிலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1840-ஆம் வருஷச் சட்டத்தைக் கொண்டு அவர்களுடைய மலைகளை ஸர்க்கார் தரிசு நிலமென்று எடுத்துத் துரைமாருக்கு விற்றது. நிலத்தைப் பறித்தவன் வெள்ளைக்காரன். பழியைச் சுமந்தவனோ கூலிக்காரன். 1939-ஆம் வருஷம் ஸர்க்கார் இலாகாக்களிலிருந்து இந்தியத் தினக்கூலிகள் நீக்கப்பட்டதும், பண்டித ஜவஹர்லால் நேரு நேரில் சென்றும் பயன் விளையாததும் அப்பகைமையின் ஆரம்ப அடையாளங்களாகும்.

1947-ஆம் வருஷத் தேர்தல் அப்பகைமைக்குக் கணக்கும் கற்றுக்கொடுத்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஸ்தானங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளிலும் தொழிலாளர் வோட்டு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. மறு வருஷமே ஸ்ரீ டி. எஸ். சேனநாயகாவின் மந்திரிசபை பிரஜா உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தந்தையோ அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை ருஜுப்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. பிறப்புப் பத்திரத்தையே கண்டறியாத தோட்டத்து மக்கள் ருஜுவுக்கு எங்கே போவார்கள்? ஏறக்குறைய 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1949-ஆம் வருஷம் அவர்களுடைய வோட்டுரிமையும் போயிற்று.

இச்சட்டத்தை ஸ்ரீ செல்வநாயகம் வன்மையாக எதிர்த்தார். இன்று தோட்டத் தொழிலாளர்மீது விழும் அடி நாளை மொழி விஷயத்தில் இலங்கைத் தமிழர்மீதும் விழும் என்று அவர் சபையில் எச்சரித்தார். அவருடைய கட்சித் தலைவர் ஸ்ரீ ஜி. ஜி. பொன்னம்பலமும் முதற் சட்டத்தை எதிர்த்தவரே. ஆயினும் சில வாரங்களுக்குள் அவர் மந்திரி பதவி ஏற்றார். இந்திய பாகிஸ்தானியர் பிரஜா உரிமைக்கென வந்த இரண்டாவது மசோதாவை ஆதரித்தார். ஸ்ரீ செல்வநாயகம் தலைவரை விட்டுப் பிரிந்து, ஸ்ரீ வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் முதலியோருடன் 1949-ஆம் வருஷம் டிஸம்பர் 18-ந் தேதி இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஸ்தாபித்தார்.

அவர் இதனால் அடைந்த லாபம் என்ன? மலைநாட்டுத் தொழிலாளிக்குக் காங்கேசன்துறையில் வோட்டு இல்லை. யாழ்ப்பாணத்திலோ தோட்டத்து ஜனங்களைத் தாழ்வாக நினைப்போர் பலர் இருந்தனர். 1952-ஆம் வருஷத் தேர்தலில் அவர் தம் தொகுதியிலேயே தோல்வியுற்றார். ஆயினும் கொள்கையை மாற்றவில்லை. அவருடைய வாதத்தில் மொழி உறவுக்கும் பங்குண்டு என்பது மெய்யே. ஆயினும் உழைத்து வாழும் நாட்டில் உழைப்பவனுக்கு உரிமை உண்டு என்ற நியாயம் எந்த மொழிக்கும் பொதுவானதன்றோ!

அவர் அஞ்சியது 1956-ஆம் வருஷம் தனிச் சிங்களச் சட்டமாக வந்தது. அண்டை நாட்டான் என்று ஒருவனை விலக்கப் பழகிய கை, கூடப் பிறந்தவனையும் விலக்கத் தயங்கவில்லை. அவ்வருஷம் திருகோணமலை மகாநாட்டில் விடுத்த கோரிக்கைகளிலும் தோட்டத் தொழிலாளரின் பிரஜா உரிமையை அவர் சேர்த்தார். மறு வருஷம் பிரதம மந்திரி ஸ்ரீ பண்டாரநாயகாவுடன் செய்த ஒப்பந்தத்தில், அதனை விரைவில் ஆலோசிப்பதாக வாக்கு மட்டுமே கிடைத்தது. 1958-ல் அவ்வொப்பந்தமும் கைவிடப்பட்டது.

இந்தியாவின் நடத்தையும் புகழத்தக்கதாக இல்லை. 1964-ஆம் வருஷ சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கு போட்டது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னால் பார்த்துக்கொள்வது. அம்மக்களின் சம்மதத்தை இரு ஸர்க்காரும் கேட்கவில்லை. சந்தையில் ஆடுமாடுகளைப் பிரிப்பது போல் மனிதரைப் பிரித்தனர்.

ஸ்ரீ செல்வநாயகம் 1977-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். அதன்பின் மூன்று மாதத்திற்குள் நடந்த பொதுத் தேர்தலில்தான், 1947-க்குப் பிறகு முதன்முறையாக, தோட்டத் தொழிலாளர் தலைவர் ஸ்ரீ தொண்டமான் வோட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்டார். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜா உரிமை அளிக்கும் சட்டம் 2003-ஆம் வருஷமே நிறைவேறியது. ஒரு சபை சில நாட்களில் செய்த அநீதியைத் துடைக்க 55 வருஷங்கள் சென்றன.

அண்டை நாட்டிலிருந்து வந்தவரை எண்ணிப் பார்த்து அஞ்சும் மனப்பான்மை எத்தேசத்துக்கும் வரக்கூடியது. நமக்கும் வராதென்று சொல்வதற்கில்லை. வேலையும் நிலமும் குறைவுபடும் காலத்தில் அது எளிதில் தேசபக்தியின் வேஷம் பூணும். அப்போது நம் தொண்டர்கள் வினவ வேண்டிய கேள்வி ஒன்றே: பழி சுமப்பவன்தான் தீங்கு செய்தவனா? ஸ்ரீ செல்வநாயகம் அக்கேள்வியைத் தம் கட்சி பதவியை எட்டிப்பிடித்த வேளையில் கேட்டார். அதுவே அவர் பெருமை.