லிப்பிசானர் குதிரை இனத்தைக் காத்த ஒலிம்பிக் வீரர் அலோயிஸ் போட்ஹாய்ஸ்கி

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே உள்ள குதிரை மாளிகையின் கூரையடியில் 122 குதிரைகள் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துச் சிற்பிகளின் கைவண்ணம் இன்றும் அப்படியே நிற்கிறது. உயிருள்ள குதிரைக்குக் கற்பிக்கப்படும் கலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. குதிரையோடு அதுவும் மடிந்துவிடும். குதிரையின் வம்சமே அற்றுப்போனால், கற்பிக்க ஆள் இருந்தும் பயனில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் அந்த ஆபத்தை நேருக்கு நேர் சந்தித்தவர், ஆஸ்திரியாவின் ஒலிம்பிக் குதிரையேற்ற வீரர் அலோயிஸ் போட்ஹாய்ஸ்கி.

அவர் புகழ்பெற்ற போட்டி டிரஸ்ஸாஜ். 2023-ம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றபோது தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகமானது இந்தப் பெயர். இதில் வேகத்துக்கோ தடை தாண்டுவதற்கோ மதிப்பெண் கிடையாது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், வகுத்த வரிசைப்படி குதிரை நடக்கவும், துள்ளுநடை போடவும், திரும்பவும், அசையாமல் நிற்கவும் வேண்டும். சவாரி செய்பவர் இடும் கட்டளை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதே இதன் இலக்கணம்.

1898 பிப்ரவரி 24 அன்று, அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த மோஸ்தார் நகரில், இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார் போட்ஹாய்ஸ்கி. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றிய பின், ஆஸ்திரிய இராணுவத்தில் தொடர்ந்து குதிரையேற்றத்தில் தேர்ச்சி பெற்றார். பந்தயத்தில் சோபிக்காமல் ஒதுக்கப்பட்ட நீரோ என்ற குதிரையைத் தாமே பொறுமையாகப் பழக்கி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தனிநபர் டிரஸ்ஸாஜ் பிரிவில் வெண்கலம் வென்றார். முதல் இரண்டு இடங்களையும் ஜெர்மானியர்களே பிடித்தனர்.

1939-ல் வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளிக்குத் தலைமையேற்றார். அந்தப் பள்ளியின் பெரிய மண்டபத்துக்கான பணி தொடங்கிய 1729-ம் ஆண்டில்தான் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார் என்பது ஒரு சுவையான பொருத்தம். அங்கே பழக்கப்பட்டவை லிப்பிசானர் இனத்து ஆண்குதிரைகள். 1580-ல் தொடங்கப்பட்ட லிப்பிட்சா பண்ணையின் பெயரைத் தாங்கிய இனம் அது. கறுத்த நிறத்தில் பிறக்கும் குட்டிகள் வயது ஏற ஏற வெளுத்து, பால்வெள்ளையாக மாறும். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவின் பங்காகக் கிடைத்த பெட்டைக்குதிரைகள் பைபர் என்ற ஊர்ப் பண்ணையில் வளர்ந்தன.

போட்ஹாய்ஸ்கி பொறுப்பேற்றபோது ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டிருந்தது. பள்ளி ஜெர்மன் இராணுவத்தின் கீழ் வந்தது. அவரும் அந்த இராணுவத்தின் சீருடையையே அணிந்தார். அவரது வரலாற்றை எழுதுவோர் இதை மறைப்பதற்கில்லை. பைபர் பண்ணையின் பெட்டைகளும் குட்டிகளும் இன்றைய செக் குடியரசில் உள்ள ஹோஸ்டாவ் பண்ணைக்கு மாற்றப்பட்டன. அப்பண்ணை அவர் அதிகாரத்தில் இல்லை. ஆக, கலையைக் கற்ற ஆண்குதிரைகள் வியன்னாவிலும், அடுத்த தலைமுறையை ஈன வேண்டிய பெட்டைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலும் இருந்தன.

1945 தொடக்கத்தில் வியன்னா மீது குண்டுமழை பொழிந்தது. குதிரைகளை வெளியேற்ற அவர் கேட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. பள்ளி ஊரைவிட்டுப் போனால் நகரமே கைவிடப்பட்டதாக மக்கள் எண்ணிவிடுவார்கள் என்று ஆட்சியாளர் அஞ்சினர். ஒருவழியாக மார்ச் மாதம், விமானத் தாக்குதலுக்கு இடையே, ஆண்குதிரைகளை இரயிலில் ஏற்றி மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் மார்ட்டின் என்ற சிற்றூருக்குக் கொண்டு சேர்த்தார். அங்கும் நிம்மதி இல்லை. ஊர் முழுக்க அகதிகள், தீவனத் தட்டுப்பாடு, பசித்த மக்களுக்குக் கொழுத்த குதிரை என்பது இறைச்சியாகவும் தெரியக்கூடிய காலம்.

மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கப் படை அங்கு வந்தது. மே 7 அன்று, ஜெர்மனி சரணாகதி ஆவணத்தில் கையொப்பமிட்ட அதே நாளில், அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் முன்னிலையில் போட்ஹாய்ஸ்கி குதிரைகளைக் களத்தில் இறக்கினார். பேட்டனும் குதிரையறிந்தவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் நவீன ஐந்துபோட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். நிகழ்ச்சி முடிவில் போட்ஹாய்ஸ்கி தளபதியின் முன் குதிரையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, பள்ளிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். பேட்டன் இசைந்தார்.

இந்த வேண்டுகோளுக்குப் பின்னரே ஹோஸ்டாவ் குதிரைகளை மீட்க உத்தரவு பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்டு. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. சோவியத் படை நெருங்கிக்கொண்டிருந்த நிலையில், பண்ணையின் ஜெர்மன் அதிகாரிகளே அமெரிக்கர்களுடன் பேசி, ஏப்ரல் 28 அன்றே அதை ஒப்படைத்துவிட்டனர். அந்த நடவடிக்கையை நடத்தியவர் கர்னல் சார்லஸ் ரீட். ஆனால் மீட்கப்பட்ட மந்தை ஆஸ்திரியாவுக்குத் திரும்ப வேண்டுமே! போரில் தோற்ற நாட்டின் உயர்சாதிக் குதிரைகள் வெற்றி பெற்றவர் கைக்குப் போவது அன்று புதிதல்ல. ஹோஸ்டாவிலிருந்த வேறு இனக் குதிரைகள் சில அமெரிக்காவுக்குக் கப்பலேறவும் செய்தன. இருநூறுக்கும் மேற்பட்ட லிப்பிசானர்கள் அந்த மாத இறுதியில் போட்ஹாய்ஸ்கியிடம் வந்து சேர்ந்ததற்கு, மே 7-ன் அந்தச் சிறிது நேரச் சவாரியே காரணம் எனலாம்.

வியன்னா திரும்ப மேலும் பத்தாண்டுகள் ஆயின. நான்கு வல்லரசுகளின் பிடியில் ஆஸ்திரியா இருந்தவரை, வெல்ஸ் நகரில் தற்காலிக லாயத்திலேயே பள்ளி இயங்கியது. இடையில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில், 50 வயதில், மீண்டும் டிரஸ்ஸாஜ் களத்தில் இறங்கினார், பதக்கம் கிட்டவில்லை. 1955-ல் அந்நியப் படைகள் வெளியேறிய ஆண்டில், குதிரைகள் பழைய மண்டபத்துக்குத் திரும்பின. 1963-ல் டிஸ்னி நிறுவனம் அவரது கதையைத் திரைப்படமாக்கியது. ஓய்வுக்குப் பின் எழுதுவதில் முனைந்தார். குதிரைகளே தம் ஆசிரியர்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும், பயிற்சி முறை பற்றி விரிவான நூலும் அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றன. 1973 மே 23 அன்று வியன்னாவில் காலமானார்.

பள்ளியின் கலையை யுனெஸ்கோ 2015-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. லிப்பிசானர் வளர்ப்பு மரபு 2022-ல் எட்டு நாடுகளின் பெயரில் இடம்பெற்றது. அவற்றுள் ஆஸ்திரியாவுடன், அவர் பிறந்த மோஸ்தார் இன்று அமைந்துள்ள போஸ்னியா-ஹெர்சகோவினாவும் ஒன்று.