தெரிந்து செய்த பிழை

மாணாக்கர் ஏடுகளிற் சிவப்பு மையாற் கோடிடுவதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். பிழை என்பது களையப்படுவது; அதற்கு வேறு பயன் உண்டென்று ஒருபோதும் எண்ணியதில்லை. ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாவிடினும் குற்றம், மிகவேண்டாத இடத்தில் மிகினும் குற்றம் என்று இருந்துவிட்ட என்னை, ஆங்கிலேயர் ஒருவரின் வரலாறு சில நாள் அமைதியாக இருக்கவிடாது செய்தது. அவர் வேண்டுமென்றே பிழையாக வழி சென்று, அதனாலேயே சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தவர். சேர் பிரான்சிஸ் சிச்செஸ்ரர் என்பது அவர் பெயர்.

இப்பெயரை அன்பர் பலர் அறிந்திருப்பர். அறுபத்தைந்து வயதிலே தனியொருவராகப் பாய்க்கப்பலேறி உலகைச் சுற்றி வந்த முதியவர் என்றே புத்தகங்கள் அவரைப் பேசுகின்றன. அப்புகழ் அவர்க்கு உரியதே. ஆயினும் அவருடைய வாழ்வின் நடுநாயகமாக எனக்குத் தோன்றுவது அக்கடற் பயணமன்று. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1931ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், ஒரு சிறு விமானத்திலே தன்னந்தனியராக நோர்போக் என்னும் தீவை நாடிச் சென்ற ஒருநாட் பயணமே.

சிச்செஸ்ரர் 1901ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் இங்கிலாந்தின் டெவன் மாகாணத்திலே சேர்வெல் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். மால்பரோ என்னும் பெயர்பெற்ற கல்லூரியிற் பயின்றும், படிப்பிலே மனம் ஒன்றவில்லை. பதினெட்டாம் வயதில், மடியிற் பத்துப் பவுண் பணத்தோடு நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். ஆங்கே பண்ணையில் உழைத்தார். காட்டிலே மரந் தறித்தார். சுரங்கத் தொழிலிலும் ஈடுபட்டார். ஈற்றில் நண்பர் ஒருவரோடு கூடி நிலம் வாங்கி விற்கும் வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். இவையெல்லாம் பத்து ஆண்டுகளில் நிகழ்ந்தவை.

1929இல் இங்கிலாந்துக்கு மீண்டவர் விமானமோட்டக் கற்றார். ஜிப்சி மொத் என்னும் வகைச் சிறு விமானமொன்றை விலைக்கு வாங்கினார். இரண்டு இறக்கை அடுக்குகளும், மேலே மூடியில்லாத இருக்கையும், ஏறக்குறைய நூறு குதிரைவலு உள்ள எந்திரமும் கொண்டது அது. மரச்சட்டமும் துணியுமே அதன் உடல். ஓட்டக் கற்றுச் சில மாதங்களே ஆன நிலையில், அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1930 ஜனவரி 30ஆம் நாள் தனியராகவே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தார். விவிலியத்திலே அக்கினி இரதமேறி விண்ணுக்குச் சென்றவராகக் கூறப்படும் எலியா தீர்க்கதரிசியை நினைந்து தம் விமானத்துக்கு அவர் இட்ட பெயர் எலியா அம்மையார் என்பதாம். தீர்க்கதரிசியைப் பெண்பாலாக்கிய இவ்விளையாட்டை இலக்கண ஆசிரியனாகிய நானும் மன்னித்துவிடுகின்றேன்.

அவுஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கு விமானத்தைக் கப்பலிலேதான் கொண்டுசெல்ல நேர்ந்தது. இடையே கிடப்பது தாஸ்மன் கடல். ஆயிரத்திருநூறு மைலளவு அகலமுடையது. 1928இல் கிங்ஸ்போட் சிமித் என்பார் துணைவரோடு பெரிய விமானத்தில் அதனைக் கடந்தார். 1931 ஜனவரியிலே கை மென்சிஸ் என்னும் இளைஞர் சிட்னியிலிருந்து தனியராகப் பறந்து நியூசிலாந்துச் சதுப்பு நிலமொன்றில் தலைகீழாக வீழ்ந்து, உயிரோடு எழுந்தார். கிழக்கிலிருந்து மேற்கே தனியராகக் கடந்தவர் அதுவரை எவருமிலர். அதனைச் செய்யவே சிச்செஸ்ரர் விரும்பினார். ஆனால் எலியா அம்மையாரால் அத்துணைப் பெற்றோலைச் சுமக்க இயலாது.

உலக உருண்டையை உற்று நோக்கியபோது, அக்கடலின் வடபாலிலே இரண்டு புள்ளிகள் அவர் கண்ணிற் பட்டன. ஒன்று நோர்போக் தீவு. மற்றையது லோட் ஹவ் தீவு. நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து நோர்போக்குக்கு ஏறக்குறைய 480 மைல். அங்கிருந்து லோட் ஹவ் தீவுக்கு 560 மைல். அப்பால் அவுஸ்திரேலியக் கரைக்கு மீண்டும் 480 மைல். மூன்று தாவலில் கடலைத் தாண்டிவிடலாம். ஆனால் இத்தீவுகளில் அந்நாளில் விமானமிறங்கும் நிலம் இல்லை. எனவே சக்கரங்களைக் கழற்றி மிதவைகளைப் பூட்டினார்.

இனி வருவதே அருமையானது. நோர்போக் தீவு ஐந்து மைல் நீளமும் மூன்று மைல் அகலமுமே உடையது. அக்காலத்து ஜிப்சி மொத்திலே வழிகாட்டும் வானொலி இல்லை. திசையறிகருவி ஒன்றே துணை. காற்றோ ஓயாது பக்கவாட்டில் தள்ளும். இருபாகை விலகினாலும் 480 மைல் கடந்தபின் அவ்விலகல் பதினாறு மைலுக்கு மேலாகிவிடும். தீவைக் காணாது தாண்டியபின் திரும்பிவரப் பெற்றோலும் இராது.

மாலுமிகள் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்ரன்ற் என்னும் கருவியால் அளந்து, மடக்கை வாய்பாட்டின் துணையாற் கணித்து, தாம் நிற்கும் இடத்தை அறிவர். இதனை ஒருவர் தனியே விமானமோட்டிக்கொண்டே செய்தல் அந்நாளிற் கேள்விப்படாதது. அன்றியும், ஒரு முறை அளந்தாற் கிடைப்பது ஒரு புள்ளியன்று, ஒரு கோடு. அக்கோட்டின்மீது எங்கோ இருக்கின்றோம் என்பது மட்டுமே தெளிவு. சிச்செஸ்ரர் செல்லும் திசை வடமேற்கு. பிற்பகற் சூரியனும் ஏறக்குறைய அவருக்கு நேர் முன்னே நிற்கும். ஆகவே எவ்வளவு தூரம் முன்னேறினார் என்பதைச் சூரியன் சொல்லும். இடப்புறம் விலகினாரா, வலப்புறம் விலகினாரா என்பதைச் சொல்லாது.

எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர் இதனை எனக்கு விளக்கிய முறையை இங்கே தருகின்றேன். நிலவில்லாத இரவிலே ஒருவன் வெட்டைவெளியூடு நடந்து, குறுக்கே ஓடும் ஓர் ஒழுங்கையின் ஓரத்திலுள்ள வீட்டை அடைய வேண்டும். வீட்டை நேராகக் குறிவைத்து நடக்கின்றான். ஒழுங்கையை மிதித்ததும் வீட்டைக் காணவில்லை. வலப்பக்கம் போவதா, இடப்பக்கம் போவதா? அறியான். மாறாக, புறப்படும்போதே வீட்டுக்கு நன்றாக இடப்பக்கமாக விலகி நடந்தானாயின், ஒழுங்கையை மிதித்தவுடன் ஐயமின்றி வலப்பக்கம் திரும்பலாம். வீடு அங்கேதான் உண்டு. நேராகச் செல்ல முயன்றவன் செய்யும் பிழை சிறிது. ஆனால் எப்பக்கத்துப் பிழை என்பது தெரியாது. விலகிச் சென்றவன் செய்த பிழை பெரிது. ஆனால் அது தெரிந்து செய்த பிழை.

சிச்செஸ்ரர் இதனையே செய்தார். தீவுக்கு இடப்புறமாகப் பல பத்து மைல் தள்ளியிருந்த ஒரு வெறுங் கடற்புள்ளியைக் குறிவைத்தார். முன்னாட் பாய்க்கப்பற் தலைவர்களும் தீவின் அகலக்கோட்டை ஒரு பக்கமாக விலகிநின்று அடைந்து, பின் அக்கோட்டின் வழியே தீவை நாடுதல் உண்டு. அப்பழைய வழக்கத்தை விரைந்து பறக்கும் விமானத்துக்கும் நகரும் சூரியனுக்கும் ஏற்பப் புதுக்கியது இவருடைய அறிவு.

மார்ச் 28ஆம் நாள் நியூசிலாந்தின் வடகோடியிலுள்ள பரெங்கரெங்கா என்னுந் துறையிலிருந்து எழுந்தார். கீழே கடல், மேலே வானம், இடையே எந்திரத்தின் இரைச்சல். விமானத்தை ஒருவாறு நிலைப்படுத்திக்கொண்டு, காற்று முகத்தில் அறையச் செக்ஸ்ரன்றைத் தூக்கிச் சூரியனைப் பிடிக்க வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். தாளும் பென்சிலுமாகக் கணிக்க வேண்டும். அதற்குள் விமானம் வழி விலகியிருக்கும், அதனைத் திருத்த வேண்டும். அமைதியான வகுப்பறையில் மின்விசிறியின் கீழிருந்து கூட்டற் கணக்கிலே தவறும் நாம் இதனைச் சற்று நினைந்து பார்க்கலாம். அன்றியும் அவர் பார்வைக் குறைவுடையவர். மூக்குக் கண்ணாடி அணிபவர்.

பல மணி நேரம் பறந்தபின், கணக்கு ஒரு கட்டத்திற் சொல்லிற்று: கோட்டை அடைந்துவிட்டாய், இனி வலப்புறம் திரும்பு. இதுவரை வந்த திசையை விட்டு, ஏறக்குறைய ஒரு செங்கோணமளவு திரும்பினார். அக்கணமே அவர் நெஞ்சம் எதிர்த்தெழுந்தது. நேரே போயிருக்க வேண்டும், திரும்பியது தவறு, தீவு அங்கேதான் என்று உள்ளுணர்வு கூவிற்று. காண்பதற்கு அடையாளம் ஒன்றுமில்லை. எப்பக்கம் நோக்கினும் ஒரே கடல். மேகநிழல் படிந்த இடமெல்லாம் நிலம்போலத் தோற்றி மயக்கும். கணக்கு ஒருபக்கம், நெஞ்சு ஒருபக்கம். அவர் கணக்கின் பக்கம் நின்றார்.

நெஞ்சறிவைப் போற்றும் மரபிலே வந்த எனக்கு இவ்விடம் எளிதில் உடன்பாடாகவில்லை. உள்ளம் சொல்வதே உண்மை என்று மாணாக்கருக்குப் பன்முறை சொல்லியவன் நான். ஆயினும் ஆராயுங்கால், காலையிலே தெளிந்த அறிவோடு தாமே வகுத்த நெறியை மாலையிலே அச்சத்தாற் கைவிடாமையும் உள்ளத்தின் உறுதியே அன்றோ? இதனை இன்னும் முற்றாக முடிவு செய்தேனல்லேன்.

திரும்பியபின் நெடுநேரம் செல்லவில்லை. முன்னே, மேகத்தின் கீழே, தீவு தோன்றிற்று. பிழைத்தல் என்னுஞ் சொல்லுக்குத் தவறுதல் என்றும் உயிர் தப்புதல் என்றும் இரு பொருள் வைத்த நம் முன்னோர் அன்று அவரருகே இருந்திருப்பின், புன்முறுவல் செய்திருப்பர்.

அவர் கண்ட தீவும் கதையுள்ள தீவே. 1774இல் குக் தலைவர் அதனைக் கண்டறிந்தார். பின்பு கைதிகளை அடைக்கும் கொடுஞ்சிறை ஆயிற்று. 1856இல், பவுண்டி என்னுங் கப்பலிற் கலகஞ் செய்தாரின் வழித்தோன்றல்கள் பிற்கேண் தீவிலிருந்து அங்கே குடியேறினர். தம் முன்னோர் ஒளிந்துகொள்ளத் தனித்தீவு தேடியவர்களாகையால், வானிலிருந்து ஒருவர் தம்மைத் தேடி வந்தது அவர்களுக்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

சில நாளின் பின் அம்முறையாலேயே லோட் ஹவ் தீவையும் அடைந்தார். ஆங்கே வேறொரு துன்பம் காத்திருந்தது. இரவில் வீசிய புயலிலே கட்டியிருந்த விமானம் கவிழ்ந்து நீரில் அமிழ்ந்தது. பிறராயின் கப்பலேறி வீடு சென்றிருப்பர். இவரோ எந்திரத்தைக் கழற்றித் துடைத்து, சிட்னியிலிருந்து உறுப்புக்களை வருவித்து, உடைந்த இறக்கைகளைத் தீவு மக்களின் உதவியோடு மீண்டுங் கட்டினார். விமானம் கட்டுந் தொழிலை முறையாகக் கற்றவர் அங்கே ஒருவருமிலர். ஏறக்குறைய ஒன்பது வாரம் சென்றபின், ஜூன் 6ஆம் நாள், அவ்விமானத்திலேயே எழுந்து, அவுஸ்திரேலியாவின் ஜேவிஸ் குடாவில் இறங்கினார். இச்செயலுக்காகவே இங்கிலாந்தின் விமானிகள் சங்கம், வான்வழி காணுந் திறனுக்கென ஏற்படுத்திய ஜோன்ஸ்ரன் நினைவுக் கிண்ணத்தை முதன்முதலாக அவருக்கு வழங்கிற்று.

அவ்வாண்டே உலகைச் சுற்ற எண்ணி யப்பான்வரை பறந்தார். அங்கே கற்சுவுரா என்னுந் துறையிலே, குறுக்கே கட்டியிருந்த கம்பிகளில் மோதி விமானம் நொறுங்கியது. பலத்த காயங்களோடு அவர் உயிர் தப்பினார். எத்துணைக் கணக்கும் கம்பியைக் காட்டாது. இரண்டாம் உலகப்போரிலே விமானியாகச் சேர விழைந்தார். கண்பார்வை குறைவென்று மறுத்துவிட்டனர். பின்பு அவர்களே அவரை அழைத்து, விமானிகளுக்கு வழிகாணுங் கலையைக் கற்பிக்கவும் நூலெழுதவும் வைத்தனர். நம் தொழிலுக்கும் அவர் ஒருகாலம் வந்தார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

1958இல் நுரையீரலிற் புற்றுநோய் என்றனர் மருத்துவர். 1937இல் அவர் மணந்த மனைவியார் சீலா அறுவைச் சிகிச்சைக்கு இசையாது, உணவொழுக்கத்தாலும் ஓய்வாலும் அவரைப் பேணினார். நோய் நீங்கியவர் 1960இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியராகப் பாய்க்கப்பலிற் கடக்கும் முதற் போட்டியிலே நாற்பது நாளில் வென்றார். 1966 ஓகஸ்ட் 27ஆம் நாள் பிளிமத் துறையிலிருந்து புறப்பட்டு, சிட்னியில் மட்டுமே தங்கி, 1967 மே 28ஆம் நாள் பிளிமத்துக்கே மீண்டார். கடலிற் கழிந்தவை 226 நாள். டெவன் மண்ணிற் பிறந்த டிறேக் தலைவருக்கு முதலாம் எலிசபெத்து பட்டமளித்த அதே வாளைக் கொண்டு, இரண்டாம் எலிசபெத்து மகாராணியார் கிறீனிச்சில் மக்கள் முன்னிலையில் இவருக்கு வீரப்பட்டம் சூட்டினார். 1972 ஓகஸ்ட் 26ஆம் நாள் பிளிமத்தில் இறந்தார். பத்துப் பவுணோடு விட்டுப் போன சேர்வெல் ஊரின் தேவாலயத்திலேயே அவரை அடக்கஞ் செய்தனர்.

உலகைச் சுற்றிய அப்பாய்க்கப்பலின் பெயர் ஜிப்சி மொத் என்பது; அப்பெயர் பூண்ட அவர் கப்பல்களில் மூன்றாவது அது. விமானம் போய்ப் பல்லாண்டு கழிந்தும், தாம் கட்டிய கலங்களுக்கெல்லாம் அத்துணிச்சிறகு விமானத்தின் பெயரையே அவர் இட்டு வந்தார்.