காதால் பார்க்க வைத்த பாபி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

பொங்கல் சமயம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் நடக்கும். இங்கே டீக்கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வரும். உடனே எல்லோரும் கை தட்டுவார்கள்.

மைதானம் எங்கோ இருக்கிறது. பந்தை யாரும் கண்ணால் காணவில்லை. ஆனாலும் பார்த்தார்கள். காதால் பார்த்தார்கள்!

இந்த அதிசயத்தை நம் நாட்டில் தொடங்கி வைத்தவர் யார்? அவர்தான் பாபி தல்யார்கான்.

முதல் குரல்

பாபி என்பது செல்லப் பெயர். முழுப் பெயர் அர்தேஷிர் பர்தோர்ஜி சொராப்ஜி தல்யார்கான். 1897ஆம் ஆண்டில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் பத்திரிகைகளுக்கு விளையாட்டுக் கட்டுரைகள் எழுதி வந்தார்.

அந்தக் காலத்தில் வானொலியே புதுமை. இங்கிலாந்தில்கூட 1927ஆம் ஆண்டில்தான் பி.பி.சி. நிலையம் கிரிக்கெட் பந்தயத்தை ஒலிபரப்பத் தொடங்கியது. நம் நாட்டில் அகில இந்திய வானொலி என்ற பெயரே 1936ஆம் ஆண்டில்தான் வந்தது.

அதற்கும் முன்பே, 1934ஆம் ஆண்டில், பாபி மைக் முன் அமர்ந்தார். பம்பாய் எஸ்பிளனேடு மைதானத்தில் பார்சி அணிக்கும் முஸ்லிம் அணிக்கும் பந்தயம். நடப்பதை நடந்தபடியே அவர் சொல்லிக்கொண்டு போனார். வீட்டில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள்.

இப்படிச் சொல்வதற்கு நேர்முக வர்ணனை என்று பெயர். இது சுலபமான வேலை அல்ல. பந்து போகும் வேகத்தில் பேச்சும் போக வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டால் திருத்த நேரம் இல்லை. ஆட்டம் மந்தமானாலும் வாயை மூடக் கூடாது. பேச்சு நின்றால், கேட்பவர்களுக்கு ஆட்டமே நின்றுவிடும்!

பாபிக்குக் கணீர் என்ற குரல். நினைவில் ஆயிரம் கதைகள். காலையில் தொடங்கினால் மாலை வரை அவர் ஒருவரே பேசுவார். பகல் உணவுக்கும் தேநீருக்கும் ஆட்டம் நிற்கும்போதுதான் அவர் வாய்க்கும் ஓய்வு.

பெயர் தந்த பந்தயத்தையே எதிர்த்தார்

பாபிக்குப் புகழ் தந்த அந்தப் பந்தயத்தில் ஒரு குறை இருந்தது. ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று அணிகள் மத வாரியாகவும் இன வாரியாகவும் பிரிந்து ஆடின. 1937ஆம் ஆண்டில் மற்றவர்களுக்காக ஐந்தாவது அணியும் சேர்ந்தது. மைதானத்தில் கூட்டம் அலைமோதியது.

ஆனால், வெளியே நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்தது. விளையாட்டிலும் மதப் பிரிவு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1940ஆம் ஆண்டில் காந்தியடிகளும் இத்தகைய பந்தயங்களை விரும்பவில்லை என்று தெரிவித்தார்.

பாபி என்ன செய்தார்? தன்னை ஆளாக்கிய பந்தயம் ஆயிற்றே என்று பேசாமல் இருந்தாரா? இல்லை. இந்தப் பந்தயம் ஒழிய வேண்டும் என்று பத்திரிகையில் விடாமல் எழுதினார்.

1946ஆம் ஆண்டோடு அந்தப் பந்தயம் முடிவுக்கு வந்தது.

மைக்கைத் துறந்தார்

1948ஆம் ஆண்டில் வெஸ்ட் இண்டீஸ் அணி முதல் முறையாக இந்தியாவுக்கு வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் டெஸ்ட் பந்தயங்கள். நாடே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த நேரம் அது.

அப்போதுதான் சோதனை வந்தது. இனி ஒருவரே பேச வேண்டாம். மூவர் மாறி மாறிப் பேசலாம் என்று வானொலி முடிவு செய்தது.

பாபி சம்மதிக்கவில்லை. பேசினால் தனியாகப் பேசுவது. இல்லையேல் பேசுவதே இல்லை! மைக்கை விட்டு எழுந்துவிட்டார். பின்னாளில் எப்போதாவது அவர் குரல் வானொலியில் ஒலித்தது உண்டு. ஆனால் பழைய தனி ஆட்சி திரும்பவே இல்லை.

அவர் செய்தது சரிதானா? ஒரு தொண்டை எத்தனை நாள் தாங்கும்? பலர் பேசினால் பல கண்கள் பார்க்கும். கேட்பவர்களுக்கு அது லாபமே. இந்த விஷயத்தில் காலம் பாபியின் பக்கம் நிற்கவில்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. லாபம் வந்தபோதும் மனதில் பட்டதைச் சொன்னார். நஷ்டம் வந்தபோதும் பிடித்த பிடியை விடவில்லை.

பேனா இருந்தது

மைக் போனால் என்ன? கையில் பேனா இருந்தது. பிளிட்ஸ், மிட்-டே போன்ற பம்பாய்ப் பத்திரிகைகளில் எழுதினார். தள்ளாத வயதிலும் எழுத்தை விடவில்லை. 90 வயதைக் கடந்து, 1990ஆம் ஆண்டில் காலமானார்.

இன்று தொலைக்காட்சியில் ஒரே பந்தைப் பல கோணங்களில் காட்டுகிறார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வர்ணிக்கிறார்கள். தமிழிலும் கேட்கிறோம். படம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பாபிக்குப் படம் இல்லை. துணைக்கு ஆள் இல்லை. இருந்தது ஒரு குரல்தான். அதைக் கொண்டே, காணாத மைதானத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்து காட்டினார்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் பந்தயம் நடக்கும்போது, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால், பேசுகிறவர் பாபியின் வாரிசு!