ஓம் என்றொரு பாலிடெக்னிக் வாத்தியார்

எலக்ட்ரிகல் லேபுக்குள் காலடி வைத்த நாள் முதல் நம்மை விடாமல் துரத்தி வரும் ஒருவர் இருக்கிறார். வைவாவில் மாட்டி விடுவார். மல்டிமீட்டர் முகப்பில் குதிரை லாடம் போன்ற குறியாக உட்கார்ந்து நம்மை முறைப்பார். ஜார்ஜ் சைமன் ஓம்தான் அவர். அவரும் ஒரு பாலிடெக்னிக்கில் பதினாறு வருஷம் காலம் தள்ளியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாணவராக அல்ல, வாத்தியாராக.

1789 மார்ச் 16ஆம் தேதி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. கல்லூரிப் படி மிதிக்காத அவர், கணிதத்தைத் தானே கற்று இரு மகன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். தம்பி மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். அம்மாவோ, ஓமுக்குப் பத்து வயதாகும்போதே கண்ணை மூடிவிட்டார்.

1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் நம்ம ஆட்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்! நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று ஒரே கொண்டாட்டம். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார். தனியாகப் படித்துக்கொண்டே வேலை பார்த்து, ஊர் திரும்பி 1811இல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் வந்ததே தவிர வருமானம் வரவில்லை. மறுபடியும் பள்ளி வாத்தியார் வேலைதான்.

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல பௌதிக லேப் இருந்தது. அப்பாவின் பட்டறையில் பழகிய கை வேறு. கம்பியை இணைத்தால் மின்னோட்டம் வரும், அறுத்தால் நிற்கும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாம் இன்று கன்டினியூட்டி டெஸ்டரில் பார்ப்பதும் அவ்வளவுதானே! ஓம் அதோடு விடவில்லை. கம்பி நீண்டால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத் துணிந்தார்.

முதல் முயற்சி சொதப்பியது. அன்றைய வோல்டா பேட்டரி, மின்னோட்டம் எடுக்க எடுக்கச் சோர்ந்து போகும். அதை நம்பி 1825இல் அவர் வெளியிட்ட சூத்திரம் தவறானது. அறிவியல் இதழாசிரியர் போகெண்டார்ஃப், பேட்டரிக்குப் பதிலாக தெர்மோகப்பிளைப் பயன்படுத்தும்படி யோசனை சொன்னார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஒரு முனைக்குக் கொதிநீர், மறுமுனைக்குப் பனிக்கட்டி. இரண்டின் வெப்பநிலையும் மாறாது என்பதால் மின்னழுத்தமும் ஆடாமல் நின்றது. 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டு செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1826இல் விதி கையில் வந்துவிட்டது. கம்பியின் தடையை மட்டுமல்ல, மின்மூலத்தின் உள்தடையையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது. நாம் பரீட்சையில் கோட்டை விடுகிற இடமும் அதுதான்!

பாதிச் சம்பளத்தில் லீவு போட்டுவிட்டு பெர்லினுக்குப் போய், 1827இல் புத்தகத்தை வெளியிட்டார். பல்கலைக்கழக வேலை தேடி வரும் என்று நம்பினார். வரவில்லை. மின்சாரத்துக்குக் கணக்கு எதற்கு என்று நினைத்த காலம் அது. கண்டனமும் வந்தது. மனம் நொந்தவர் கொலோன் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்திப் பிழைத்தார். பெரிய கண்டுபிடிப்பு கையில், சோற்றுக்கு வழி இல்லை! அப்போது கைகொடுத்தது 1833இல் நூரம்பர்க் பாலிடெக்னிக். 1839இல் அதன் தலைவரும் ஆனார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் உலகம் அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக்கில் கிடைத்தபோது வயது 63. இரண்டே வருஷம். 1854 ஜூலை 6ஆம் தேதி மறைந்தார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1881 பாரிஸ் மின்னியல் மாநாட்டில் மின்தடையின் அலகு அவர் பெயரைப் பெற்றது.

இனி, பொழுதுபோக்காக ரிப்பேர் பார்க்க டெஸ்டர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு டார்ச் செல், ஒரு 2.5 வோல்ட் பல்பு வைத்த டெஸ்டர் மலிவு. அயர்ன் பாக்ஸ் ஒயர், ஃப்யூஸ், சுவிட்ச் பார்க்க அதுவே ஜோர். ஆனால் சில நூறு ஓம் உள்ள ரிலே காயிலில் வைத்தால் பல்பு எரியாது. நல்ல காயிலை அறுந்ததென்று தூக்கிப் போட்டுவிடுவோம். எல்.ஈ.டி. டெஸ்டர் நேர் எதிர். 3 வோல்ட், 470 ஓம், ஒரு சிவப்பு எல்.ஈ.டி. என்றால் சில மில்லி ஆம்பியர்தான் ஓடும். நடுவில் 100 ஓம் தடை வந்தாலும் அது எரியும். துருப்பிடித்த சுவிட்சையும் நல்லதென்று சொல்லிவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் பஸ்ஸர் பெரும்பாலும் சில பத்து ஓமுக்குக் கீழேதான் கத்தும். எத்தனை ஓம் என்று கையேட்டில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பி.சி.பி. வேலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். பல்பு டெஸ்டரின் மின்னோட்டம் மெல்லிய பாகங்களுக்கு ஆகாது.

முள் மீட்டரில் ஓம் அளக்கும் முன் இரு முனைகளையும் சேர்த்து ஜீரோ திருகுகிறோமே, ஏன்? உள்ளே இருக்கும் செல் சோர்ந்துகொண்டே போகிறது, அதை ஈடுகட்டத்தான். 1825இல் ஓமை ஏமாற்றிய அதே சங்கதி! திருகியும் முள் ஜீரோவுக்கு வரவில்லையென்றால் செல்லை மாற்றுங்கள். எந்த டெஸ்டரானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும். 230 வோல்ட்டில் சீரீஸ் லாம்ப் போட்டு ஒயர் பார்க்கும் வீரம் நமக்கு வேண்டாம், அப்பா.