மூன்று தீபாவளி கண்ட நாயகன்

நம்ம தலைமுறைக்கு சூப்பர் ஸ்டார்னா ஒருத்தர்தான். என் பாட்டியைக் கேட்டா எம்.கே. தியாகராஜ பாகவதர்னு சொல்வாங்க. அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் ஏனென்று எனக்குப் புரிந்தது.

1910-இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். திருச்சியில் வளர்ந்து, சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறினார். 1934-இல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அப்போ நடிகரே சொந்தக் குரலில் பாடணும். அந்தக் குரல்தான் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஆனா, அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் சிறையில் இருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அதே வருடம் டிசம்பரில் கைது. மேல்முறையீடு செய்து, 1947-இல்தான் நிரபராதி என்று விடுதலையானார். வெளியே வந்து நடித்த படங்கள் பழையபடி ஓடவில்லை. சினிமா கைவிட்டாலும் அவர் கச்சேரி மேடையை விடவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, 49 வயதில் காலமானார்.

போன செமஸ்டர் ஒரு பாடத்தில் ஃபெயிலானதுக்கே நான் ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரல. எல்லாம் போன பிறகும் அவர் பாடினார். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப் பெயர் கொடுத்துவிட்டேன், நண்பர்களே.