கண்ணொளி காத்த கிரேஃபே

ஐம்பொறிகளுள் நாம் மிகவும் போற்றுவது கண்ணையே. கரையான் மரத்தை அரிப்பதுபோல, பெரும்பாலும் வலியேதுமின்றிப் பார்வையை அரித்துவிடும் நோய் கிளாக்கோமா. இழந்த பார்வை மீளாது. இக்கொடிய நோயை எதிர்த்து நின்ற ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபேயின் வாழ்வைச் சற்றே காண்போம்.

1828-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் பெர்லின் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். 12 வயதில் தந்தையை இழந்த சிறுவர், கல்வியில் தளராது 1847-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிராக், பாரிஸ், வியன்னா, லண்டன் நகரங்களுக்குச் சென்று கண் மருத்துவத்தில் தேர்ச்சியுற்றார்.

அதுவரை உயிருள்ளவரின் கண்ணுக்குள் பார்க்க மருத்துவர்களுக்கு வழியில்லை. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி உட்புறத்தைக் காட்டும் கருவியை உலகுக்கு அறிவித்தார். பெர்லினில் கண் மருத்துவமனை தொடங்கிய கிரேஃபே, அக்கருவியை ஆர்வத்துடன் கையாண்டார். ஏழைகளுக்கு இலவசமாகவே மருத்துவம் செய்தார்.

கிளாக்கோமா நோயாளரின் கண்ணில் பார்வை நரம்பின் முகப்பு மாறியிருப்பதை அவர் கண்டார். ஆனால், ஒற்றைக் கண்ணால் நோக்கும் அக்கருவியில் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியாது. குழிந்திருந்த இடம் அவருக்குப் புடைத்திருப்பதாகத் தோன்றியது. அவ்வாறே 1854-இல் எழுதியும் விட்டார். வியன்னா மருத்துவர் யேகரும் அப்படியே கருதினார். எனினும், மேலும் ஆராய்ந்து அது குழியே எனத் தெளிந்தபோது, தம் கூற்றைத் தாமே திருத்திக்கொண்டார் கிரேஃபே. இறந்தோரின் கண்களை ஆராய்ந்த ஹைன்ரிக் முல்லரும் அதனை உறுதி செய்தார். புகழைவிட உண்மையே பெரிதென எண்ணிய உள்ளம் அது!

1857-இல், கண்பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலத்தில் சிறு பகுதியை வெட்டியெடுத்து, திடீரெனத் தாக்கும் கிளாக்கோமாவைத் தணிக்கலாம் என்று அவர் அறிவித்தார். குருடாவதே விதி என்றிருந்த பலர் பார்வை காக்கப்பெற்றனர். ஓயாது உழைத்த அவரைக் காசநோய் பற்றியது. 1870 ஜூலை 20 அன்று, 42 வயதிலேயே அவர் மறைந்தார்.

இன்று நம்மிடம் பல கருவிகள் உள்ளன. வண்ணப் புகைப்படம் நரம்பு முகப்பின் நிறத்தையும் இரத்தக் கசிவையும் காட்டுகிறது. ஆயினும், ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் ஆழம் புலப்படாது. 1991-இல் அறிவிக்கப்பட்ட ஓ.சி.டி. முறை, ஒளியைக் கொண்டே நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கிறது. ஆயினும், அந்த மெலிவு வேறு நோயாலும் நேரலாம். எனவே நல்ல மருத்துவர் ஒரு படத்தை மட்டும் நம்புவதில்லை. கண் அழுத்தம், பார்வைப் பரப்பு ஆகியவற்றையும் சோதித்து ஒப்பிட்டே முடிவு செய்கிறார்.

கண்டதே உண்மையென நின்றுவிடாமல் ஆராய்ந்து தெளியும் பண்பை, மாணவியராகிய நாமும் கிரேஃபேயிடம் கற்போம். நாற்பது வயதைக் கடந்த நம் பெற்றோரை, சிறப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களை, கண் பரிசோதனைக்கு அன்புடன் அழைத்துச் செல்வோம்.